மதகடியில் தூக்கிக்கொண்ட லைட்

நான் சொல்வதில் முக்கால் பாகம் புளுகு என்று என் மனைவி தெய்வநாயகி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அதுகூட அவள் பெருந்தன்மையாகக் குறைத்துச் சொன்னதுதான். ஆனால் இது நடந்தது. தேதியும் மணியும் குறித்து வைத்திருக்கிறேன். புளுகுகிறவன் எப்போதும் தன்னைப் பெரிய ஆளாகக் காட்டித்தான் புளுகுவான். இதில் நான் எவ்வளவு கேவலமாகத் தெரிகிறேன் என்று கடைசிவரை படித்துப் பாருங்கள். அப்புறம் முடிவு செய்யுங்கள்.

என் பேர் சிவப்பிரகாசம். ஊர் மரக்காணம். மின்வாரியத்தில் முப்பத்து நாலு வருடம் வீடு வீடாக மீட்டர் பார்த்து எழுதிவிட்டு ரிட்டயர் ஆனவன். கரண்டை நான் கண்ணால் பார்த்ததோடு சரி, கையால் தொட்டதில்லை. ஆனால் டீக்கடையில் என் வரலாறு வேறு. புயலில் சாய்ந்த கம்பத்தில் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டே மரக்காணத்துக்கு லைன் கொடுத்தவன் நான்தான். அந்தக் கம்பம் வருடத்துக்கு வருடம் இரண்டடி உயர்ந்துகொண்டே வந்தது.

அப்படிப்பட்டவன் பைக்குக்கு எக்ஸ்ட்ரா லைட் மாட்ட மெக்கானிக்கிடம் போவானா? ஆன்லைனில் ஒரு ஜோடி எல்.இ.டி. லைட் வரவழைத்தேன். ஒயர், சுவிட்ச் எல்லாம் சேர்த்து ஒரு கிலோ வஞ்சிரத்தைவிட மலிவு. மெக்கானிக் சேட்டுவிடம் காட்டத்தான் போனேன், கேட்க இல்லை. அவன் கேட்காமலே சொன்னான்.

"கீழ லெக் கார்டுல கட்டுங்க சார். மூக்கு தரையப் பாக்கணும். நமக்கு ரோடு தெரியத்தான் லைட்டு. எதுர்ல வர்றவன் கண்ணப் புடுங்க இல்ல."

சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, கண்ணாடிக் கம்பியில் மேலே கட்டினேன். மூக்கு தரையைப் பார்க்கவில்லை. பிறவிப் பெருமையோடு நேரே பார்த்தது. கீழே கட்டினால் யாருக்குத் தெரியும்?

சுவிட்சைத் தட்டினேன். அடடா. எதிர்வீட்டுச் சேவல் விடிந்துவிட்டது என்று கூவியது. கடலில் இருந்த போட்டுக்காரர்கள் எல்லாம் கலங்கரை விளக்கம் இடம் மாறிவிட்டதோ என்று குழம்பினார்களாம். இது என் கணக்கு.

லைட் இருந்தால் போதுமா, இருட்டு வேண்டாமா? விடிகாலையில் குப்பத்துக்குப் போய் மீன் வாங்குவது என்று ஒரு பழக்கத்தை உண்டாக்கிக்கொண்டேன். ஊரிலிருந்து உப்பளத்து ரோட்டில் கிழக்கே போனால், பாத்திகளுக்கு நடுவில் ஒரு மதகு. அதைத் தாண்டினால் குப்பம். மீன் வாங்கப் போகிறீர்களா, லைட் காட்டப் போகிறீர்களா என்று தெய்வநாயகி கேட்டாள். இரண்டும்தான்.

மார்ச் 25, செவ்வாய்க்கிழமை. விடிகாலை 4.12.

உப்பளத்துக்காரர்கள் வெயில் ஏறுவதற்கு முன்பே வேலையை முடிக்கிறவர்கள். அந்த நேரத்துக்கு ஒவ்வொருவராக வருவார்கள். அன்றைக்கு மதகைத் தாண்டி எதிரே ஒரு சைக்கிள் வந்தது. நான் இரண்டு லைட்டையும் போட்டேன். தேவையே இல்லை. ஹெட்லைட்டே போதும். சும்மா... அவன் என்ன செய்கிறான் பார்ப்போம் என்று.

அவன் ஒரு கையைத் தூக்கி முகத்தை மறைத்தான். ஹேண்டில் ஆடியது. சைக்கிளோடு சரிவில் இறங்கி உப்புத் தண்ணீர் வாய்க்காலுக்குள் போனான். 'தொப்' என்று சத்தம்.

நான் சிரித்தேன். நிறுத்தவில்லை.

அன்று காலை 6.30-க்கு நடராசன் டீக்கடையில் அதையே கதையாக விட்டேன். என் லைட்டைப் பார்த்து ஒருத்தன் சைக்கிளோடு தவளை மாதிரி தாவி வாய்க்காலில் குதித்தான், மேலே வரும்போது கண்ணாமுழி இரண்டும் உப்புக் கட்டி மாதிரி வெளுத்திருந்தது என்று, கை கால் ஆட்டி நடித்தும் காட்டினேன். கடையே சிரித்தது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். சொன்னேன்.

மறுநாள் நடராசன் கிளாசைக் கழுவிக்கொண்டே, வாய்க்காலில் விழுந்த ஆளுக்குத் தோள்பட்டை எலும்பு உடைந்துவிட்டதாம், பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கிடக்கிறானாம், பேர் பச்சமுத்துவாம் என்றார். சீசன் நேரத்தில் உப்பு வாருகிறவனுக்குத் தோள் போனால் அந்த வருடமே போன மாதிரி. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், நான்தானப்பா அது என்று சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? வீட்டுக்கு வந்து லைட்டைக் கழற்றிக் கீழே லெக் கார்டில் கட்டினேன். ஆளைப் பார்க்கப் போகாமல் லைட்டைச் சரி பண்ணினேன். அதுதான் எனக்குச் சுலபமாக இருந்தது.

சேட்டு சொன்னபடியே செய்தேன். காம்பவுண்டுச் சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தி, சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, நான் சீட்டில் உட்கார்ந்தபடி வெளிச்சம் கோட்டுக்குக் கீழே விழுகிற மாதிரி லைட்டைச் சாய்த்து முடுக்கினேன். தெய்வநாயகியைப் பின்னால் உட்கார வைத்தும் பார்த்தேன். ஆள் ஏறினால் பின்பக்கம் அமுங்கும், முன்பக்கம் தூக்கும், லைட்டும் தூக்கும். வெளிச்சம் கோட்டைத் தாண்டி ஒரு முழம் ஏறியது. அவள் இறங்கினாள். அதுவும் இறங்கியது. நான் அவ்ளோ கனமா என்று கேட்டுவிட்டு அன்றைக்கு முழுவதும் என்னோடு பேசவில்லை.

இனி நான் தனியாகப் போனால் யார் கண்ணிலும் வெளிச்சம் படாது. அதை நானே நிரூபிக்க வேண்டும் போல இருந்தது.

மார்ச் 29, சனிக்கிழமை. அமாவாசை.

4.05-க்கு உப்பளத்து ரோட்டில் ஏறினேன். காற்று இல்லை. இரண்டு பக்கமும் பாத்தித் தண்ணீர் கறுப்பாகக் கிடந்தது. நடுவில் உப்பு அம்பாரங்கள் மட்டும் வெளுத்துத் தெரிந்தன. வெளிச்சம் அடக்கமாக, தரையைத் தடவிக்கொண்டு முன்னால் போனது. எனக்குத் திருப்தி.

4.11. மதகு. அதன் நடுவில் ஒரு பள்ளம் உண்டு. எல்லா வண்டியும் அங்கே ஆள் நடக்கிற வேகத்துக்கு வந்துதான் தாண்டும். நானும் மெதுவாக்கினேன்.

வெளிச்சம் மேலே போனது.

தரையில் இருந்த வெளிச்சம் ரோட்டோரப் பனைமரத்தின் இடுப்புக்கு ஏறி நின்றது. நட்டு லூசாகிவிட்டது என்று நினைத்தேன். கொஞ்ச தூரம் போய் நிறுத்தினேன். சைடு ஸ்டாண்டு போட்டு இறங்கி, குனிந்து நட்டைப் பிடித்துப் பார்த்தேன். அசையவில்லை. கல் மாதிரி இறுகி இருந்தது.

அப்போதுதான் உறைத்தது. நான் இறங்கிவிட்டேன். என் கனம் வண்டியில் இல்லை. வெளிச்சம் கோட்டைவிடக் கீழே அல்லவா போயிருக்க வேண்டும்?

அது பனைமரத்திலேயே நின்றது.

பின் சக்கரத்தைப் பார்த்தேன். ஷாக் அப்சார்பர் இரண்டும் அமுங்கி இருந்தன. சீட்டில் ஒன்றும் இல்லை.

4.14-க்கு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, 'கிரீச்' என்று ஸ்பிரிங் விரிந்தது. வண்டியின் பின்பக்கம் எழுந்தது. வெளிச்சம் மரத்திலிருந்து வழுக்கித் தரைக்கு வந்தது.

யாரோ இறங்கிக்கொண்ட மாதிரி...

வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பார்த்தேன். பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கிற ஃபுட்ரெஸ்ட் இரண்டையும் நான் எப்போதும் மடக்கித்தான் வைப்பேன். வலது பக்கம் மடங்கி இருந்தது. இடது பக்கம் மட்டும் விரிந்திருந்தது. பெண்கள் ஒருபக்கமாக உட்கார்ந்தால் கால் வைக்கிற பக்கம்.

ஸ்பிரிங் பழசு, ஃபுட்ரெஸ்ட் லூசு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். லைட்டுக்குப் போக மிச்சமிருந்த ஒயரை எடுத்து இடது ஃபுட்ரெஸ்ட்டை மடக்கிக் கட்டினேன். நாலு சுற்று. அன்றைக்கு டீக்கடையில் நான் வாயே திறக்கவில்லை. உடம்பு சரியில்லையா என்று நடராசன் கேட்டார்.

மார்ச் 31, திங்கட்கிழமை.

ஏன் திரும்பப் போனாய் என்று கேட்பீர்கள். பயந்துவிட்டேன் என்று ஒத்துக்கொள்ள வெட்கம். அவ்வளவுதான்.

4.10. மதகு. மெதுவாக்கினேன்.

வெளிச்சம் மேலே போனது.

இந்த முறை நிறுத்தவில்லை. முறுக்கினேன். வண்டி இழுக்கவில்லை. இரண்டு பேரை ஏற்றின மாதிரி முக்கியது. பின்னால் ஒரு சத்தம்.

சர்ர்ர்ர்...

ஒயர் அவிழ்ந்து தரையில் இழுபடுகிறது என்று நினைத்தேன்.

சர்ர்ர்ர்... சர்ர்ர்ர்...

4.13. எனக்குப் பின்னால் உப்பு லாரி ஒன்று வந்தது. அதன் வெளிச்சம் என்மேல் விழுந்தது. வலது பக்கம் திருப்பத்தில் வெள்ளை அம்பாரம். அதன்மேல் என் நிழல் பெரிதாக விழுந்தது. வண்டி. என் தலை. என் தலைக்குப் பின்னால்...

இன்னொரு தலை. முக்காடு போட்டிருந்தது.

நான் திரும்பவில்லை. கழுத்து வரவில்லை.

லாரி பக்கத்தில் வந்தது. கிளீனர் ஜன்னலில் தலையை நீட்டினான்.

"யோவ் பெருசு, ஃபுட்ரெஸ்ட்ட எறக்கி வுடுய்யா. பின்னால அம்மா காலு ரோட்ல தேயுது பாரு."

லாரி போய்விட்டது.

இருட்டு.

சர்ர்ர்ர்...

நிறுத்தினேன். எஞ்சின் நின்றது.

சத்தமும் நின்றது.

என் முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள். கனமாக. வேலைக்குப் போகிறவர்கள் விடுகிற மூச்சு.

4.14.

நான் அசையவில்லை.

4.20.

அசையவில்லை.

4.35...

கிழக்கே வெளுக்கும்வரை கைப்பிடியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். வேட்டி நனைந்திருந்தது. பாத்தித் தண்ணீர் தெறித்தது என்று எழுதத்தான் ஆசை. இல்லை.

எப்போது கனம் குறைந்தது என்று தெரியாது. விடிந்தபின் பார்த்தேன். நான் கட்டின நாலு சுற்று ஒயரும் அப்படியே இருந்தது. இடது பக்கம் ஃபுட்ரெஸ்ட்டுக்கு நேர் கீழே, தார் ரோட்டில், மதகுவரைக்கும் ஒரு ஈரக் கோடு. காயக் காய அது வெள்ளையானது.

ஒயரை அறுத்துப் போட்டேன். அது யாராக இருந்தாலும், கால் தேயத் தேய இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

இரண்டு நாள் காய்ச்சல். அந்த இரண்டு நாளும் எனக்கு ஒரே நினைப்பு. பச்சமுத்து செத்துவிட்டானோ? அவன் செத்து, அவனைச் சேர்ந்த யாராவது என் பின்னால் ஏறிக்கொண்டு, எப்போது சொல்லப்போகிறாய், எப்போது சொல்லப்போகிறாய் என்று உட்கார்ந்திருக்கிறார்களோ? தெய்வநாயகியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வழக்கம்போலச் சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"பேயக் கண்டு பயப்படறது இருக்கட்டும். அந்த ஆளு வீட்டுக்குப் போங்க மொதல்ல."

ஏப்ரல் 2, புதன்கிழமை. பகல் 11 மணி. நல்ல வெயில். நடராசனிடம் விசாரித்ததில் பச்சமுத்து உயிரோடுதான் இருக்கிறான், வீட்டுக்கு வந்துவிட்டான் என்று தெரிந்தது. வீடு மதகுக்கு அந்தப் பக்கம், குப்பத்துக்குப் போகிற வழியில். ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். மதகில் பள்ளத்துக்கு மெதுவாக்கித் தாண்டினேன். ரோடு நிறைய ஜனம். பகல்தானே.

பச்சமுத்து நாற்பது வயது ஆள். தோளில் கட்டு. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி அமராவதி எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டாள். வழியெல்லாம் மனசுக்குள் நல்ல நல்லதாக நாலு முன்னுரை தயார் பண்ணி வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

"லைட்டு போட்டது நான்தான்பா," என்றேன். "வேணும்னுதான் போட்டேன். நீ விழுந்ததப் பாத்துட்டும் நிக்காமப் போனேன்."

அமராவதிதான் பேசினாள். குரலை உயர்த்தக்கூட இல்லை.

"தெரியும் சார். அன்னைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவருக்குப் பால் வாங்க டீக்கடைக்கு வந்தேன். நீங்க சொல்லிக்கினு இருந்தீங்க. தவளை மாதிரின்னு."

நான் கை கால் ஆட்டி நடித்துக் காட்டியபோது இந்தப் பெண் தூக்குப் பாத்திரத்தோடு எனக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். பால் வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். என் அறுபத்திரண்டு வருடத்தில் நான் அப்படிக் கூசியதில்லை. சீசன் முடிகிறவரை வீட்டுக்கு ஆகிற செலவு என்னுடையது என்று சொன்னேன். பச்சமுத்து அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. வேறு எதையோ கேட்பதற்குக் காத்திருந்தவன் மாதிரி முன்னால் சாய்ந்தான்.

"அது இருக்கட்டும் சார். நான் விழுந்தப்ப, எங்கூட ஒரு பொம்பளையும் விழுந்து கெடந்தாளா? எனக்கு நெனப்பு தப்பிப் போச்சு. நீங்க லைட்டு போட்டுத்தான இருந்தீங்க. உங்களுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கணுமே."

"நான் பாக்கலப்பா," என்றேன். அதுவும் உண்மை. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவன் சொன்னான். மதகில் எல்லா சைக்கிளும் மெதுவாகும். நடந்து வருகிற பொம்பளைகள் அங்கேதான் ஓடி வந்து கேரியரில் தொத்திக்கொள்வார்கள். ஓட்டுகிறவர்கள் நிறுத்த மாட்டார்கள், யார் என்று திரும்பிப் பார்க்கவும் மாட்டார்கள். இருட்டில் திரும்பினால் சைக்கிள் சாய்ந்துவிடும். அவரவர் பாத்தி வந்ததும் கனம் குறையும், இறங்கிவிட்டார்கள் என்று தெரிந்துகொள்வார்கள். உப்பளத்தில் அதுதான் வழக்கம். தை மாதத்திலிருந்து தினமும் அவன் சைக்கிளில் ஒருத்தி ஏறினாள். பேச மாட்டாள். பக்கத்துத் தெரு குப்பம்மாள் என்று நினைத்துக்கொண்டானாம். அன்றைக்கும் அவள் பின்னால் இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் முதலில் அவன் கேட்டது, குப்பம்மாளுக்கு அடியா என்றுதான். அமராவதி போய் விசாரித்தாளாம்.

"அது பொங்கலுக்கே உப்பளத்து வேலைய வுட்டுட்டு திண்டிவனத்துல மக வூட்டுக்குப் போயிடுச்சு சார்," என்றாள் அமராவதி. "நேத்துதான் வந்திருக்குது. நான் எப்ப உம்புருஷன் சைக்கிள்ல ஏறுனேன்னு என்னையே கேக்குது."

வெளியே காக்கை ஒன்று கத்திக்கொண்டிருந்தது. மணி 11.40.

நான் எழுந்தேன். அமராவதி வாசல்வரை கூட வந்தாள். தெருவில், நல்ல வெயிலில் நின்ற என் வண்டியைப் பார்த்தவள், முகம் மாறி என்னிடம் திரும்பினாள். அவள் என்மேல் கோபப்பட்டது அப்போதுதான்.

"இன்னா சார் நீங்க... இவ்ளோ நேரமா அம்மாவ வெயில்லயே உக்கார வெச்சிட்டு வந்திருக்கீங்க? உள்ள வரச் சொல்லக் கூடாதா?"